கவர் வேண்டாம், அண்ணாச்சி

குப்பையைக் குறைத்து வாழ்வது எப்படி என்று யாராவது கேட்டால், துணிப்பை வாங்குங்கள், மூங்கில் பிரஷ் வாங்குங்கள் என்று ஆரம்பிப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. வாங்குவது ஒரு நாள் வேலை. பாளையங்கோட்டையில் மாமியார், ரெண்டு பிள்ளைகள், வேலை என்று குடும்பம் நடத்திக்கொண்டே இதில் இறங்கியவள் என்கிற முறையில் சொல்கிறேன், "வேண்டாம்" என்று வாய்திறந்து சொல்ல வேண்டிய இடத்தில்தான் திணறிப் போகிறோம். கொடுப்பதுதான் மரியாதை என்று வளர்ந்த ஊர் இது. கொடுக்கிறவர் மனம் கோணாமல் மறுக்க ஒரு பக்குவம் வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருமுனை மளிகைக் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சோப்பு வாங்கினாலும் அண்ணாச்சி கவரை எடுத்து ஊதிப் பிரித்துவிடுவார். வேண்டாம் என்றால், "கையில எப்படிம்மா கொண்டு போவிய, சும்மா வையுங்க" என்பார். அவருக்கு அது செலவுதான், இருந்தும் வெறுங்கையில் அனுப்ப மனசு வராது. பருப்பு, சீனி இன்னொரு சிக்கல். கூட்ட நேரத்துக்காகக் கால் கிலோ, அரைக் கிலோ என்று முன்கூட்டியே கவரில் கட்டி அடுக்கி வைத்திருப்பார். நான் டப்பாவை நீட்டினால் மூட்டையைப் பிரித்து நிறுக்க வேண்டும், பின்னால் நிற்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நிற்கிறார்கள். அப்புறம் அவரோடு பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். காலையில் பதினொரு மணிக்கு மேல் கடை ஓய்ந்திருக்கும். அப்போது டப்பாக்களையும் சீட்டையும் அத்தை கொண்டுபோய் வைத்துவிடுவார், சாயங்காலம் வேலை விட்டு வரும்போது நான் எடுத்துக்கொள்வேன். தராசில் கழித்துக்கொள்ள வசதியாக, ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் வெறும் டப்பாவின் எடையை அண்ணாச்சியே மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார். இப்போது பக்கத்து வீட்டு அக்காவின் டப்பாக்களும் அந்த வரிசையில் இருக்கின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கேரி பேக், பிளாஸ்டிக் பூசிய டீ கப் எல்லாம் அதில் அடக்கம். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற அரசு இயக்கமும் வந்தது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு ஏதாவது ஒரு பரோட்டாக் கடை வாசலில் நின்று பாருங்கள். சால்னா கட்டுகிறவர் கொதிக்கக் கொதிக்கக் கரண்டியில் மொண்டு மெல்லிசான கவருக்குள் ஊற்றி, வாயைத் திருகி, நூலை ரெண்டு சுற்றுச் சுற்றி அறுப்பதற்குள் அடுத்த கவர் விரலிடுக்கில் திறந்து நிற்கும். அந்த வேகத்துக்கு நடுவே தூக்குவாளியை நீட்டக் கூச்சமாகத்தான் இருக்கும். நீட்டுங்கள். அவ்வளவு சூட்டோடு அது கவரில் கிடந்து வீட்டுக்கு வருவதையும், அதைப் பிள்ளைகள் பிய்த்துப்போட்ட பரோட்டாவில் ஊற்றுவதையும் நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். தூக்குவாளியில் ஒரு கரண்டி கூடுதலாகவும் விழும். டீக்கடை பேப்பர் கப்பும் அப்படித்தான், பேப்பர் என்று நம்பிக் குடிக்கிறோம், உள்ளே பூசியிருப்பது பிளாஸ்டிக். கண்ணாடி கிளாஸில் கேட்டால் இல்லை என்று சொன்ன டீக்கடையை நம்ம பக்கம் நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் கடைக்காரரோடு பேசித் தீர்க்கிற சங்கதி. வீட்டுப் பெரியவர்களிடம் வேண்டாம் என்பது அப்படி இல்லை.

போன வருஷம் அப்பா தவறிவிட்டார். காரியத்துக்குத் தாமிரபரணிக் கரையில் இருக்கிற பாபநாசம் போவது என்று முடிவானது. காரியம் முடிந்து ஆற்றில் முங்கியதும், உடுத்தியிருந்த வேட்டியை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டுப் புதுசு உடுத்திக்கொண்டு வருவது அங்கே வழக்கமாகிப் போயிருக்கிறது. அதோடு விடுவதற்கு அப்பாவின் சட்டை, வேட்டி, போர்வை எல்லாவற்றையும் பெரியப்பா ஒரு பையில் கட்டி வைத்திருந்தார். அந்தப் படித்துறையில் இறங்கியவர்களுக்குத் தெரியும், காலில் முதலில் தட்டுப்படுவது துணிதான். பாறை இடுக்கில் சேலையும் வேட்டியும் சுற்றிக் கிடக்கும், இழுத்தால் வராது, மேலே பாசி படிந்து, மடிப்புக்குள் மணல் ஏறிக் கனத்துப் போயிருக்கும். டன் கணக்கில் அள்ளிப் போடுகிறார்கள், அள்ள அள்ளச் சேருகிறது. பருத்தி என்றால் என்றைக்காவது மக்கும். நாம் இப்போது உடுத்துவதில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்திருக்கிறது, அது நைந்து இழை இழையாகப் பிரியுமே ஒழிய மக்காது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் வரைக்கும் தாமிரபரணி ஓடுவது சுமார் 128 கிலோமீட்டர். வழிநெடுக திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

ஆற்றில் விட வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். "ஏட்டி, செத்தவன் காரியத்துல போயி உன் குப்பைக் கதையைக் கொண்டாருதியே, ஊரு என்ன சொல்லும்?" என்று சத்தம் போட்டார். கூடப்பிறந்த தம்பியைப் பறிகொடுத்து நிற்கிறவர், அவரிடம் பாலியஸ்டர் பற்றியா பேச முடியும்? 2024 டிசம்பரில் கேரளாவிலிருந்து மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து நடுக்கல்லூர், கொண்டாநகரம் பக்கம் கொட்டியபோது கொதித்துப் போனவர்களில் அவரும் ஒருவர். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளாவிலிருந்து லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போன பிறகுதான் அடங்கினார். அதை மட்டும் ஞாபகப்படுத்தினேன். "நம்ம ஆத்துல நாமளே போட்டா, யாரு பெரியப்பா வந்து அள்ளுவா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் காரியம் செய்துவைக்கிறவரிடம் அவரே போய்க் கேட்டார். தண்ணீரில் நனைத்து எடுத்தாலே விட்ட மாதிரிதான், என்றார் அவர். என் தம்பி ஈரவேட்டியைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டான். அப்பாவின் சட்டைகளை, அவரோடு வேலை பார்த்த ஒருவர் பின்னால் வந்து விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெரியப்பாதான் எடுத்துக் கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி வாழ்வதன் வேலைப்பளு பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிப்பது, பால் கவரைக் கழுவிக் காயப்போடுவது, துணி நாப்கினை அலசுவது, எல்லாம் ஏற்கெனவே நாள் முழுக்க வேலை செய்கிற அதே கை. எங்கள் வீட்டில் குப்பை பிரிப்பதும் மாடியில் இருக்கும் உரத்தொட்டியும் என் வீட்டுக்காரர் பொறுப்பு என்று பேசி முடிவு செய்த பிறகுதான் இது நிலைத்தது. அப்படி ஒரு கை உதவிக்கு இல்லாத வீட்டில் ஒரு பெண் கவரில் சால்னா வாங்கினால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

வருகிற தை மாதம் சித்தப்பா மகள் கல்யாணம். பந்தியில் இலைக்கு இலை சின்னத் தண்ணீர் பாட்டில் வைப்பதாகப் பேச்சு. நாலு மடக்குக் குடித்துவிட்டு மிச்சத் தண்ணீரோடு இலையில் வைத்தே மடித்துவிடுவார்கள். மாட்டுக்குப் போக வேண்டிய இலை, பாட்டிலோடு சேர்ந்து குப்பை வண்டிக்குப் போகும். எவர்சில்வர் தம்ளர் வைக்கலாமே என்று கேட்டேன். பாட்டில் வைத்தால்தான் மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதை என்கிறார் சித்தி. சமையல்காரரிடம் விசாரித்ததில், தம்ளர் வாடகைக்குக் கிடைக்கும், பந்திக்குப் பந்தி கழுவ மட்டும் ரெண்டு ஆள் கூடுதலாக வேண்டும் என்றார். அந்தக் கூலி என் பொறுப்பு, அதையே என் மொய்யாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.