டோனாவூரில் நிறைவேறிய பொருத்தனை

தம்பி ஆபரேஷன் முடிந்து ஐசியூவில் கிடந்தபோது அம்மா பண்ணின பொருத்தனை இது: "இவன் எழும்பி நடந்தான்னா டோனாவூருக்குப் போய் முழங்கால்ல நின்னு ஸ்தோத்திரம் சொல்லணும்." எங்கள் சபையில் பொருத்தனை என்றால் காணிக்கை, இல்லையென்றால் சபை விருந்தான அசனத்துக்கு அரிசி மூட்டை. அம்மாவோ பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவள். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவளுக்கு வரலாறு அல்ல, வீட்டு மனுஷி. தம்பி நடந்தான். கர்த்தர் நல்லவர். கிளம்பிவிட்டோம்.

திருநெல்வேலியிலிருந்து ஏறின பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. முட்டிவலிக்காரி என்று சொல்லியும் நாங்குநேரி வரை அம்மாவுக்கு யாரும் எழுந்து இடம் தரவில்லை. அதைவிட என்னை வருத்தியது வழியெல்லாம் நின்ற ஃப்ளெக்ஸ் போர்டுகள்தான். உபவாசக் கூட்டமாம், எழுப்புதல் பெருவிழாவாம். ஆள் உயரத்துக்கு ஊழியர்களின் முகம், பெயருக்கு முன்னால் பட்டத்துக்கு மேல் பட்டம். ஆண்டவருடைய பெயரைக் கீழே மூலையில் தேட வேண்டியிருந்தது. கால் கழுவின எஜமானுக்கு ஊழியம் செய்கிறவர்களுக்கு இது எப்படி மனம் வருகிறதோ!

சரி, டோனாவூர் வந்தது. மேற்கே மலை, மரங்களுக்கு நடுவே வீடுகள், அவ்வளவு அமைதி. அனுமதி கேட்டு உள்ளே போய் ஜெப ஆலயத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அங்கிருந்து அடக்கத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

அம்மையார் இந்தியாவுக்கு வந்தது 1895இல். 55 வருஷம் ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே இருந்து 1951இல் கர்த்தருக்குள் நித்திரையானார். தனக்குக் கல்லறைக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவர். வளர்த்த பிள்ளைகளுக்கு மனசு கேட்குமா? பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். அதில் தாய் என்று அர்த்தப்படும் ஒரே ஒரு சொல். பெயர் இல்லை, பிறந்த தேதி இல்லை, வசனம்கூட இல்லை.

அம்மா அதன் பக்கத்தில் மண்ணிலேயே முழங்கால் போட்டுவிட்டாள். எனக்கு ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. தொட்டித் தண்ணீரில் சருகு ஒன்று மிதந்தது. வாரியலோடு நின்ற வயதான அக்கா வந்து, அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பெருக்கப் போய்விட்டார். "இங்கயே வளந்தவங்களாக்கா?" என்று கேட்டேன். "ஆமாம்மா" என்று சிரித்தார். அதற்கு மேல் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

1901 மார்ச்சில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டு அங்கிருந்து தப்பி வந்த ஏழு வயது ப்ரீனா பண்ணைவிளையில் அம்மையாரிடம் வந்து சேர்ந்ததைப் பாட்டி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அதற்கு முன் அம்மையார் பெண்கள் குழுவோடு ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னவர். பிள்ளைகள் வரத் தொடங்கியதும் கால் கட்டிப்போட்டதுபோல் ஆயிற்று. பாலூட்டுவது, பீத்துணி அலசுவது, ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது. பெரிய ஊழியத்தை விட்டுவிட்டு இப்படி ஆயா வேலை பார்க்கலாமா என்ற கேள்வி அவருக்கும் வந்தது. துண்டை அரையில் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவின ஆண்டவரை நினைத்தார். கேள்வி அதோடு தீர்ந்தது.

அவரையாவது உலகம் அறியும். அவரோடு ஊழியம் செய்து, நெய்யூரில் கைக்குழந்தைகளை வைத்துக் காப்பாற்றின பொன்னம்மாளை எத்தனை பேருக்குத் தெரியும்? இளம் விதவை. குழந்தைகளின் அழுக்கைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்று மற்றவர்கள் ஒதுங்கின காலத்தில் தானே முதலில் கை வைத்தார். 'நீங்கள் செய்யுங்கள்' என்று யாருக்கும் உத்தரவு போடவில்லை. அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். 1915இல் புற்றுநோயில் போய்விட்டார். சபையை நடத்துவது இதுதான், மேடையில் நடுநாற்காலி அல்ல என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

அம்மா சத்தமாகவே ஜெபிக்கிறவள். ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னாள். அப்புறம், "ஆண்டவரே, ராத்திரி ட்யூட்டில என் பிள்ளைக்கு பெட்பேன் வச்சு, மேலு துடைச்சு, கால் விரலு நடுவுல வரைக்கும் துடைச்சு விட்டாளே, அந்தப் பிள்ளை பேரை நான் கேக்கல. உமக்குத் தெரியும். அவ வீட்டை ஆசீர்வதியும்" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணின் முகம்கூட நினைவில்லை. தம்பி ஒவ்வொரு ராத்திரியும் பயப்படாமல் தூங்கினது அவளால்தானே.

அதன் பிறகு என் வாயிலும் ஸ்தோத்திரம் நிற்கவே இல்லை. விடிகாலை மணி அடிக்கும் எங்கள் கோயில்பிள்ளைக்காக ஸ்தோத்திரம். இராப்போஜனப் பாத்திரங்களைக் கழுவித் துடைத்து வைக்கிறவர்களுக்காக ஸ்தோத்திரம். அசனம் முடிந்து எல்லாரும் போன பிறகு அண்டா தேய்க்கிற கைகளுக்காக, படுத்த படுக்கையாகக் கிடந்து சபைக்காக ஜெபிக்கிற பாட்டிமாருக்காக, அந்த வாரியல் அக்காவுக்காக உமக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே. எங்கள் தம்பியை எழுப்பித் தந்தீரே, அதற்கும் கோடி ஸ்தோத்திரம்.