குளிசை இல்லாமல் நான்கு நாள்

எனக்கு ஓசிடி, ஒரே எண்ணமும் ஒரே செயலும் திரும்பத் திரும்ப வந்து வதைக்கிற மனநோய். அதற்குச் செர்ட்ரலின் என்ற குளிசை தொடங்கின முதல் கிழமை ஒரே வயிற்றுப் பிரட்டல், இரவில் நித்திரையும் இல்லை. பதற்றம் குறையும் என்று போட்ட குளிசை பதற்றத்தைக் கூட்டியது. கேற் பூட்டை ஆறு தரம் இழுத்துப் பார்க்கிற நான் பன்னிரண்டு தரம் பார்த்தேன். மருந்துத் துண்டு எழுதித் தந்த டொக்டர் "ஒரு மாதம் கழிச்சு வாங்கோ" என்றதோடு சரி. பக்கவிளைவு முதலில் வரும், பலன் பிறகுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூளையில் செய்தி கடத்துகிற செரட்டோனின் என்ற பொருள் திரும்ப உறிஞ்சப்படுவதைக் குளிசை உடனேயே தடுக்கத் தொடங்கும், ஆனால் மூளை அதற்கேற்ப மாற நாள் எடுக்கும். ஓசிடிக்கு 8 முதல் 12 கிழமை வரை பொறுக்க வேண்டும், அளவும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் கூட. இதெல்லாம் இரண்டாவதாகப் பார்த்த டொக்டர் சொல்லித்தான் தெரியும். சாப்பிட்ட பிறகு காலையில் போடச் சொன்னார், பிரட்டல் நின்றது. 50 மில்லிகிராமில் தொடங்கி 150க்கு வந்து, பத்தாம் கிழமை பூட்டு இரண்டு தரத்தில் நின்றது.

அப்புறம் 2022 வந்தது, இலங்கையில் பொருளாதார நெருக்கடி. கிளினிக் பாமசியில் "முடிஞ்சுது தம்பி, வெளியில வாங்குங்கோ." பெற்றோல் இல்லை, சைக்கிளில் யாழ்ப்பாணம் ரவுண் முழுக்க ஏறி இறங்கியும் இல்லை. மூன்றாம் நாள் தலையைத் திருப்பினாலே உள்ளுக்குள் கரண்ட் அடித்தமாதிரி ஒரு வெட்டு, கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பிடித்தபடியே குந்திவிட்டேன். பாரிசவாதம் என்றுதான் பயந்தேன். சட்டென்று நிறுத்தினால் அப்படித்தான் வருமாம். செர்ட்ரலினின் பாதி ஏறக்குறைய ஒரு நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். இதே வகைக் குளிசையான புளூஒக்செற்றின் என்றால் கிழமைக்கணக்கில் தங்கும். நான்காம் நாள் சுன்னாகத்தில் ஒரு கடைக்காரர் லாச்சியைத் துழாவி, வெட்டின அட்டையில் பத்துக் குளிசை எடுத்துத் தந்தார். அந்த மனிசனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆகவே பத்து நாளுக்கு இருக்கும்போதே அடுத்ததைத் தேடுங்கள். பெட்டிப் பெயர் மாறும், மருந்தின் பெயரை எழுதி வைத்திருங்கள். நிறுத்துவதென்றால் டொக்டரிடம் கேட்டு, படிப்படியாக.

இன்னொன்று. தாம்பத்திய ஆசை குறைவதும் இந்தக் குளிசையால் வரக்கூடியதுதான். பக்கத்தில் அடுத்த நோயாளி நிற்க அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? ஏழு மாதம் சொல்லவேயில்லை. கடைசியில் கொப்பிக்குள் ஒரு துண்டில் எழுதி வைத்து நீட்டினேன். டொக்டர் வாசித்தார், கதவைச் சாத்தச் சொன்னார்.