வலிக்காத கட்டிகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் என்கிற கடற்கரை ஊர்ப் பக்கம் சின்னதாக ஒரு பல் கிளினிக் வைத்திருக்கிறேன். வாயில் ஏதாவது தட்டுப்பட்டு வருகிறவர்கள் இரண்டு விதம். வலி உள்ளவர்கள் உட்காருவதற்கு முன்பே "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டரம்மா" என்பார்கள். வலி இல்லாதவர்கள் வேறு யாருக்கோ துணையாக வந்திருப்பார்கள். கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, "எனக்கும் இங்கன ஒண்ணு இருக்கு, வலியெல்லாம் கிடையாது, அப்ப பயமில்லைல்ல?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நின்ற வாக்கில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் தைரியம் சொல்லிவிடுகிறேன். வாயில் தோன்றும் புடைப்புகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. கன்னத்தின் உட்புறம், பல் படும் கோட்டில், அடிக்கடி கடிபட்டுச் சதை நிறத்திலேயே மழமழவென்று உருண்டு நிற்கும் ஃபைப்ரோமாவைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அடுத்தது, கீழுதட்டின் உள்ளே நீலம் பாய்ந்து ஊதி, உடைந்து, சில நாளில் மறுபடி ஊதும் எச்சில் கொப்புளம். சிறு உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் கடிபட்டு அறுந்து, எச்சில் சதைக்குள் தேங்குவதால் வருவது அது. கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கு ஈறில் செக்கச்செவேலென்று ஒரு கட்டி எழும்பும், பல் துலக்கினால் ரத்தம் வரும். குடும்பமே பதறிக்கொண்டு வரும். ஹார்மோன் மாற்றமும் பல்லில் படிந்த காரையும் சேர்ந்து செய்கிற வேலை அது. காரையை எடுத்துச் சுத்தமாக வைத்திருந்தால், பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் சுருங்கிவிடும். மேல் அண்ணத்தின் நடுவே கெட்டியாக ஒரு எலும்பு முண்டு சிலருக்கு உண்டு. வருஷக்கணக்கில் மெல்ல வளர்ந்தது, ஆனால் ஒருநாள் நாக்கு தற்செயலாகத் தடவியதும் ராத்திரி முழுக்கத் தூங்காமல் காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார்கள். பல்செட் கட்ட இடைஞ்சலாக இருந்தாலொழிய அதற்கு ஒன்றுமே செய்ய வேண்டாம்.

இனி மற்றது. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுக்குத்தான். 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, உதட்டிலோ வாயிலோ புதிதாகப் புற்று வந்தவர்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய 3,90,000 பேர். அதில் 1,40,000-க்கும் மேல் நம் நாட்டில். இவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்கிற வகை, வாயின் உட்பக்கத்தை மூடியிருக்கும் தோலில் பிறப்பது. மேற்கு நாடுகளில் இது நாக்கின் ஓரத்திலும் நாக்குக்கு அடியிலும் அதிகம். நம் ஊரில் கொடுப்பில், அதாவது கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில். புகையிலையை அடக்குகிற இடமே அதுதானே.

படகுக்காரர்கள் சிலர், "வெயிலும் உப்புக்காத்தும் உதட்டுல பட்டு வருமாமே" என்று கேட்பார்கள். வெள்ளைத்தோல் மீனவர்களுக்குக் கீழுதட்டில் புற்று வருவது உண்மைதான், வெயிலால் வருவது. நம் தோலின் கறுப்பு நமக்குப் பெரிய காப்பு. உதட்டின் வெளிப்பக்கம் வருவது இங்கே குறைவு. நாம் பயப்பட வேண்டியது உதட்டுக்கு உள்ளே.

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். கடலில் பாசி எடுப்பவர். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத்தட்டைக் கட்டிக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து பாசி பிடுங்குகிற வேலை. இறங்குவதற்கு முன் ஒரு துண்டுப் புகையிலையை வலது கொடுப்பில் வைத்தால் கரையேறும் வரை பசியும் தெரியாது, குளிரும் தெரியாது என்றார். வந்தது இடது பக்கம் ஆடிய ஒரு பல்லுக்காக. வலது கன்னத்தை விலக்கிப் பார்த்தேன். வெள்ளையாகத் தடித்த திட்டு, பஞ்சால் துடைத்தால் போகவில்லை. வெள்ளைக்கு நடுவே சிவப்பாகச் சில இடங்கள். விரலால் தடவினால் சுற்றிலும் மெத்தென்று இருக்க, அந்த ஒரு இடத்தில் மட்டும் அடியில் கெட்டித்திருந்தது.

"இது எத்தனை நாளா இருக்கு பெரியம்மா?"

"அது கெடக்கு தாயி, அது ஒண்ணும் பண்ணல. நீ இந்தப் பல்லைப் புடுங்கி விடு."

அது ஒண்ணும் பண்ணல. இந்தக் கடற்கரையில் என்னை இவ்வளவு கலங்க வைக்கிற பேச்சு வேறில்லை. வாய்ப்புற்று ஆரம்பத்தில் ஒன்றும் பண்ணாது. நரம்பைத் தொட்ட பிறகுதான், இல்லையென்றால் புண்ணாகிச் சீழ் பிடித்த பிறகுதான் வலிக்கும். காது வலி என்று வருவார்கள், நாக்குப் புரளவில்லை என்பார்கள், கழுத்தில் வலிக்காத நெறிக்கட்டியோடு வருவார்கள். அப்போது நோய் மூன்றாம் நான்காம் நிலைக்குப் போயிருக்கும். நம் நாட்டில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த நிலையில்தான் ஆஸ்பத்திரியைப் பார்க்கிறார்கள். சுருக்கென்று எரிந்து சாப்பிட விடாமல் செய்கிற சிறு வாய்ப்புண், மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், அதுவும் ஓரம் தடித்து, அடி கெட்டித்து, தொட்டால் ரத்தம் கசிகிறது என்றால், வலிக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது.

வெள்ளைத் திட்டுகள் எல்லாமே புற்றாக மாறுவதில்லை, பெரும்பாலானவை மாறாது. சீராக வெள்ளையாக இருப்பதைவிடச் சிவப்பும் வெள்ளையும் கலந்தது மோசம். வெறும் சிவப்பாக வழவழவென்று இருக்கிற திட்டு எல்லாவற்றிலும் மோசம். சதை எடுத்துப் பார்த்தால் பல நேரம் அதற்குள் புற்று தொடங்கியே இருக்கும்.

பெரியம்மாவுக்குச் சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுதான், ஆனால் ஆரம்ப நிலை என்று முடிவு வந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை செய்து, கழுத்து நெறிகளையும் சேர்த்து எடுத்தார்கள். புகையிலையை விட்டுவிட்டார். இப்போது முங்கப் போவதில்லை, கரையில் பாசி காயவைக்கிறார்.

இளவயதுப் பையன்களிடம் நான் பார்ப்பது வேறு. ராத்திரி முழுக்கத் தூங்காமல் வலை இழுக்கப் பாக்குப் பொட்டலம். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை செய்யப்பட்டவை, ஆனாலும் கிடைக்கிறது. "வெறும் பாக்குதான் டாக்டர், புகையிலை இல்லை" என்று சமாதானம் சொல்வார்கள். புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. பாக்கு கன்னத்தின் உட்சதையை நாராக இறுக்கிவிடும். முதலில் காரம் பட்டால் எரியும், மீன்குழம்பைத் தள்ளிவைப்பார்கள். அப்புறம் உட்கன்னம் வெளுக்கும், வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டாக முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் உடனே காட்டுங்கள். இறுகிய சதை பழையபடி ஆவது கடினம். இப்படி இறுகியவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னால் புற்றும் வருகிறது.

தாடை எலும்புக்குள் வருகிற கட்டிகள் தனி உலகம். இவை மிகக் குறைவு, புகையிலைக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. பல் உருவாகும் திசுவின் மிச்சத்திலிருந்து பிறக்கிறவைதான் இவற்றில் பல. அமெலோபிளாஸ்டோமா என்கிற கட்டி, பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவர் என்ற அளவில்தான் வருகிறது. 2011 கணக்கெடுப்பில் நம் ராமநாதபுரம் மாவட்ட மக்கள்தொகை 13.5 லட்சம். அந்தக் கணக்குப்படி மாவட்டம் முழுவதற்கும் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. அப்படி ஒன்று என் நாற்காலிக்கு வந்தது.

விசைப்படகில் போகும் ஒரு தம்பி, இருபத்தைந்து வயதுக்குப் பக்கம் இருக்கும். வலது கீழ்த்தாடை மெல்ல மெல்லப் பெருத்திருக்கிறது. ஞானப்பல் முளைக்கிறது என்று இருந்துவிட்டார். ஒரு கல்யாணப் போட்டோவில் முகம் ஒரு பக்கம் கோணியிருப்பதைப் பார்த்து அவர் அக்காதான் கூட்டிவந்தார். ஈறுக்கு வெளியே விரலை ஓட்டினேன். எலும்பு கன்னப்பக்கமும் உப்பியிருந்தது, நாக்குப்பக்கமும் உப்பியிருந்தது. ஓரிடத்தில் அழுத்தியபோது எலும்பு லேசாக உள்வாங்கியது, விரலுக்கு அடியில் மெல்ல நொறுங்குவது தெரிந்தது. உள்ளிருந்து அரித்து அவ்வளவு மெலிந்துவிட்டது. இரண்டு கடைவாய்ப்பல் ஆடின. சொத்தை இல்லை, சீழ் இல்லை, வலி துளியும் இல்லை. முழுத் தாடை எக்ஸ்ரேயில் கடைவாய்ப்பல்லிலிருந்து காதுப்பக்கம் ஏறும் எலும்பு வரை சோப்பு நுரை போல அறை அறையாகக் கறுப்பு. பல் வேர்கள் கரைந்து குட்டையாகியிருந்தன.

இந்தக் கட்டி பத்தில் எட்டுப் பேருக்குக் கீழ்த்தாடையில்தான், அதுவும் பின்பக்கத்தில் வருகிறது. முப்பது, நாற்பது வயதுக்காரர்களிடம் அதிகம். புற்று அல்ல, வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம். ஆனால் எலும்பைத் தின்றுகொண்டே போகும். வெறுமனே சுரண்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். அதனால் கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டுகிறார்கள். அந்தத் தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கிற மெல்லிய வெளி எலும்பை எடுத்துத் தாடையாக வளைத்து வைத்தார்கள். பத்து வருஷம் கழித்துக்கூடத் திரும்பலாம் என்பதால் ஆண்டுக்கொரு எக்ஸ்ரே. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-க்கு அப்புறம், படகு கரையில் நிற்கும்போது வந்து எடுத்துக்கொள்கிறார்.

பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் ஓடோன்டோமா. பல் விழுந்து புதுப்பல் முளைக்காமலே இருந்தால் ஒரு எக்ஸ்ரே எடுங்கள் என்று பெற்றோரிடம் சொல்வது இதனால்தான். உள்ளே குட்டிக் குட்டிப் பற்கள் கூட்டமாக அடைத்துக்கொண்டு வழியை மறித்திருக்கும். 2019-இல் சென்னையில் ஏழு வயதுப் பையனின் கீழ்த்தாடையிலிருந்து 526 பற்கள் எடுத்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். அதுவும் ஓடோன்டோமாதான். எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை.

இரண்டு விஷயங்களை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல் பிடுங்கவோ அடிபடவோ செய்யாமல் கீழுதடும் மோவாயும் ஒரு பக்கம் மரத்துப்போனால் அது சாதாரண விஷயம் இல்லை. எலும்புக்குள் புற்று நரம்பை அழுத்தலாம், மார்பிலோ நுரையீரலிலோ இருக்கும் புற்று தாடைக்கு வந்திருக்கலாம். அண்ணத்தின் பின்பக்கம், நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக வலிக்காத உருண்டை இருந்தால் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியாக இருக்கலாம். அவற்றில் ஏறக்குறையப் பாதி கெட்ட வகை.

சதை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்றால், "கத்தி பட்டா பரவிரும்" என்று எழுந்து போய்விடுகிறவர்கள் இன்னமும் உண்டு. அவர்கள் பார்த்தது, முற்றிய பிறகு வந்து, கத்தி வைத்து, சீக்கிரமே இறந்துபோன சொந்தக்காரரை. கொன்றது தாமதம், பழி கத்திக்கு. மரத்துப்போக ஊசி போட்டுச் சில மில்லிமீட்டர் சதை எடுப்பதுதான் பயாப்ஸி. அதனால் புற்று பரவுவதில்லை. அது இல்லாமல் எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் முடிவு வெளியானது. வெறும் டார்ச் வெளிச்சம் செய்த காரியம். நம் தீவிலும் கரையிலும் ஒவ்வொரு தடைக்காலத்திலும் இதைச் செய்யலாம். ஆட்கள் ஊரில் இருக்கிற காலம் அதுதான். நான் போகிற குடியிருப்புகளில் செய்துகொண்டிருக்கிறேன். கூட வருகிற கிராம சுகாதாரச் செவிலியர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் தயாராக இருக்கிறேன்.

என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டலாம், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம். பெரிய அறுவை சிகிச்சை என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு, அந்த அட்டையையும் ரேஷன் கார்டையும் கையில் வைத்திருங்கள். பல்செட் போட்டிருந்தால் போட்டுக்கொண்டே வாருங்கள், கழற்றிப் பார்த்துக்கொள்வோம். பழைய எக்ஸ்ரே இருந்தால் மடிக்காமல் எடுத்து வாருங்கள்.