எட்டு நொடி அருணாசலம்

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த வருஷம், 108 பௌர்ணமி கிரிவலம் வருகிறேன் என்று அம்மா அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டாள். 97 முடித்தாள். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு கோடு, ஐந்து கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு என்று இன்றைக்கும் அந்தக் கணக்கு பூஜை அலமாரியில் இருக்கிறது. அதற்கப்புறம் முட்டி விட்டுவிட்டது. மாடிப்படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு 14 கிலோமீட்டரை எங்கே நடப்பது? ஆட்டோ வைத்துச் சுற்றிக் காட்டுகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். "நடந்து வர்றேன்னுதான் வேண்டிக்கிட்டேன், உக்காந்து வர்றேன்னு இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். பாக்கி இருந்த அந்த 11 கோடு இரண்டு வருஷமாக அவளைத் தூங்கவிடவில்லை.

போன தை மாசம் ஒரு ராத்திரி, ஏரியில் எடுத்த நாரைப் படங்களை நான் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவள் சொன்னாள். "எல்லாத்தையும் படம் புடிக்கிறியே, எனக்குப் பதிலா நீ நடடா. மலையச் சுத்தி இருக்கிற எட்டு லிங்கத்துக்கிட்டயும் நின்னு மலையப் புடிச்சிட்டு வா. நீ நடந்த நடைய நான் இங்க உக்காந்து பாக்கிறேன். அவரு கணக்குல வச்சுக்குவாரு."

கேமராவைப் பற்றி நான் வீட்டில் யாரிடமும் பெரிதாகப் பேசியதில்லை. ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தால் ஆபீஸ் கவலை, கடன், யாரோ சொன்ன சுடுசொல் எல்லாம் அந்தச் சின்னக் கட்டத்துக்கு வெளியே போய்விடும். சாமி கும்பிடும்போது கூட எனக்கு மனசு அப்படி நின்றதில்லை, உண்மையைச் சொல்கிறேன். அதைப் போய் ஒரு வேண்டுதலுக்குக் கருவியாக அம்மா கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை, சரி என்று மட்டும் சொன்னேன்.

மாசி பௌர்ணமிக்குக் கிளம்பினேன். அன்றைக்குத் திருவண்ணாமலைக்குள் பஸ் வராது, ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஆரம்பித்தது பாடு. இறங்கினவுடன் நாலு ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டு பையைப் பிடித்து இழுக்கிறார்கள். இரண்டு பேர் "நேரா உள்ள கூட்டிட்டுப் போறேன் சார், லைனே கிடையாது" என்று ரூமுக்குப் போகும் வரை விடவில்லை. வயசானவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் இவர்களிடம் மாட்டிக்கொண்டு ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்துவிட்டு, கடைசியில் அதே தர்ம தரிசன வரிசையில் நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். அவன் சந்நிதிக்கு வருகிற வழியில் இதைச் செய்ய எப்படித்தான் மனசு வருகிறதோ.

ராத்திரி ஒன்றரை மணிக்கு ராஜகோபுரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். 217 அடி கோபுரம் என் லென்ஸுக்கு அடங்கவில்லை. பின்னால் பின்னால் போய் தேரடி வரைக்கும் வந்து பார்த்தும் கலசம் வெட்டுப்படுகிறது. விட்டுவிட்டேன், அம்மா கேட்டது மலையைத்தான்.

கிளம்பும்போது அவள் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று. நிறைமாத கர்ப்பிணி மகாராணி நடக்கிற மாதிரி நடக்கணும். பெரியவர்கள் கிரிவலத்துக்குச் சொல்லி வைத்த நடை அது. வேறு யாரும் அன்றைக்கு அப்படி நடந்ததாகத் தெரியவில்லை, தள்ளிக்கொண்டும் போனில் பாட்டு போட்டுக்கொண்டும் ஓடுகிறார்கள். அன்னதானத் தட்டை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டுப் போகிறார்கள். வெறுங்காலோடு வருகிறவன் அதை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் கையில் கேமராவும் தோளில் டிரைபாடும் இருந்ததால் எனக்கு அந்த நடை தானாகவே வந்துவிட்டது. இந்திர லிங்கம், அக்னி லிங்கம். இரண்டு இடத்திலும் தெரு விளக்கும் கடை விளக்கும் சேர்ந்து மலையை மஞ்சளாக்கிவிட்டது. பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ரமணாசிரமத்தைக் கடக்கும்போது கொஞ்ச நேரம் நின்றேன். 16 வயசில், 1896இல் வந்த ஒரு பையன் அதற்கப்புறம் 54 வருஷம் இந்த மலையை விட்டு எங்கேயும் போகவில்லை. அவர்தான் பகவான் ரமணர். படம் எடுக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் இன்னொரு ஞாபகமும் வரும். ஹென்றி கார்ட்டியர் ப்ரெஸ்ஸான் என்ற பிரெஞ்சுக்காரர், உலகமே கொண்டாடும் புகைப்படக் கலைஞர், 1950 ஏப்ரலில் இங்கேதான் இருந்தார். பகவானின் கடைசி நாட்களில் படம் எடுத்திருக்கிறார். ஏப்ரல் 14 ராத்திரி, வானத்தில் ஒரு நட்சத்திரம் வால் விட்டபடி மெதுவாக மலைப் பக்கம் போவதைப் பார்த்து, உடனே மணி பார்த்திருக்கிறார். 8.47. பகவான் உடம்பை விட்ட நேரம் அதுதான். அந்த நொடியில் அவர் கை கேமராவுக்குப் போகாமல் கடிகாரத்துக்குப் போனதை நினைத்துக்கொண்டே எம லிங்கம் வரைக்கும் நடந்தேன்.

செங்கம் ரோட்டை விட்டு வலப்பக்கம் திரும்பியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. நிருதி லிங்கத்தில் ஒரு படம். வருண லிங்கத்திலும் எடுத்துவிட்டு அடி அண்ணாமலையை நெருங்கும்போது மணி நாலு இருக்கும். குதிகாலில் கொப்புளம் உடைந்து எரிந்துகொண்டிருந்தது. நிலா என் முதுகுப் பக்கம், மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. அதனால் மலையின் மேற்கு முகம் முழுக்க வெளிச்சம். இரண்டு தெரு விளக்குகளுக்கு நடுவில் கொஞ்சம் இருட்டான இடமாகப் பார்த்து, ரோட்டின் இடது ஓரத்தில் டிரைபாடை நிறுத்தினேன். மலைப் பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடக்கிற பாதை, நாம் இடது ஓரமாகத்தான் போக வேண்டும். அதனால் எனக்கும் மலைக்கும் நடுவில் ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

முதல் படம் ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 20 நொடி திறந்திருந்தது. ஐஎஸ்ஓ ஏற ஏற கேமரா படத்தை வெளிச்சமாக்கும். பார்த்தால் மத்தியானம் எடுத்த மாதிரி இருக்கிறது, மலையில் ராத்திரியே இல்லை. கேமராவுக்கு இருட்டு பிடிக்காது, எதைக் காட்டினாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும், நாம்தான் அடக்க வேண்டும். ஐஎஸ்ஓவை 800க்கு இறக்கி, 8 நொடி வைத்தேன். வழக்கமாக ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணுவேன். அன்றைக்கு எண் வரவில்லை. அருணாசல சிவ, அருணாசல சிவ என்றுதான் வந்தது. ஷட்டர் மூடிக்கொண்டது.

திரையைப் பார்த்தேன். ஜனங்களைக் காணோம்.

8 நொடிக்குள் எத்தனை பேர் அந்த இடத்தைக் கடந்திருப்பார்கள், நூறு பேராவது இருக்கும். ஒருத்தர் முகமும் இல்லை. மலையடிவாரத்தில் வெள்ளையாக ஒரு புகை, தரையோடு தரையாக ஓடுகிற ஆறு மாதிரி. ஷட்டர் திறந்திருக்கும்போது அசைகிறது எல்லாம் கரைந்து போகும், அசையாதது மட்டும் பதியும். இது எனக்கு ஆறு வருஷமாகத் தெரிந்த விஷயம், அருவியைப் பால் மாதிரி எடுப்பது இந்த முறையில்தான். ஆனால் அந்தப் புகைக்கு மேலே மலை மட்டும் ஒரு பாறைக் கோடு கலையாமல் நின்றதைப் பார்த்தபோதுதான் அந்தப் பெயர் எனக்கு உறைத்தது. அசலம். அசையாதது. சின்ன வயசிலிருந்து வாயால் சொல்லிக்கொண்டிருந்த பெயரை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இன்னும் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இடது ஓரத்தில், புகைக்கு நடுவில் ஒரு மனுஷர் தெளிவாக நிற்கிறார். வேட்டி, தோளில் ஒரு துண்டு, முதுகு மட்டும்தான் தெரிகிறது. இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, மலையைப் பார்த்து நிற்கிறார். எடுக்கும்போது நான் அவரைக் கவனிக்கவே இல்லை. அத்தனை பேர் இடித்துக்கொண்டு போகிற இடத்தில் எட்டு நொடியும் அசையாமல் நின்றதால் பதிந்திருக்கிறார். நிமிர்ந்து தேடினேன், ஆள் இல்லை. கூட்டத்தோடு போயிருப்பார். யாரோ ஒரு பக்தர், அவ்வளவுதான். ஆனாலும் நான் அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஒரு இளைஞர் கூட்டம் செல்ஃபி ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து டிரைபாடில் மோதியது. நல்லவேளை கேமரா என் கையில் இருந்தது. டிரைபாடின் ஒரு கால் பூட்டு உடைந்தது, "சாரிண்ணா" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டார்கள். அதற்கப்புறம் எல்லாம் கையில் பிடித்துத்தான். வாயு லிங்கத்தில் பனிக்காற்று வேறு, கை நடுங்கி மலை இரண்டு மூன்றாகக் கலங்கிப்போனது. நாலு தடவை எடுத்தும் அப்படியேதான் வந்தது. குபேர லிங்கத்தில் கூட்டம் சொல்லி மாளாது. பணம் தருகிற சாமி என்றால் மட்டும் எங்கிருந்துதான் இத்தனை பேர் வருகிறார்களோ. அதைத் தாண்டி, மலையின் ஐந்து முகமும் தெரிகிற பஞ்சமுக தரிசனத்தில் நிற்கும்போது கிழக்கு வெளுத்துவிட்டது.

ஈசான்ய லிங்கத்துக்கு வரும்போது சூரியன் வந்தது. கிருத யுகத்தில் அக்னியாக, திரேதா யுகத்தில் மாணிக்கமாக, துவாபர யுகத்தில் பொன்னாக இருந்தவர் கலியில் கல்மலையாக நிற்கிறார் என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதான். உச்சியில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் பிடித்தது, தீபம் மாதிரி. அது சிவப்பாகி இறங்கியது, அப்புறம் பொன்னிறம், அப்புறம் சாதாரணமாகப் பகலில் பார்க்கிற பழுப்புப் பாறையும் புதரும். எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம் இருக்கும். 19 படம் எடுத்தேன், ஒவ்வொன்றிலும் மலை வேறு நிறம்.

மத்தியானம் தரிசனத்துக்குப் போனேன். கேமராவையும் போனையும் ரூமிலேயே வைத்துவிட்டேன். 2022 டிசம்பரில் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை என்று ஹைகோர்ட் மதுரைக் கிளை சொன்னபோது ரொம்ப சந்தோஷப்பட்டவன் நான். மூலவர் முன்னால் நின்று படம் எடுக்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. நாலரை மணி நேரம் வரிசை. கம்பிக்குள் காற்றில்லை, முன்னால் நின்ற பாட்டி மயங்கி விழப் பார்த்தார், கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டோம். தண்ணீர் கேட்டால் கொண்டுவர ஆள் இல்லை. இத்தனை லட்சம் பேர் வருவார்கள் என்று தெரிந்த நாள்தானே, ஒரு குடம் தண்ணீருக்கு ஏற்பாடு செய்ய முடியாதா?

கருவறைக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த அனல் முகத்தில் அடித்தது. அக்னி தலம் அல்லவா. தீபாராதனை நேரம், கற்பூரத் தட்டு மேலே எழும்பியது, நாகாபரணத்தின் விளிம்பில் வெளிச்சம் ஓடியது. எல்லோரும் எட்டிப் பார்த்துக் கையைத் தூக்கி அசைகிறார்கள். எனக்கு அந்த வேட்டி கட்டின மனுஷரின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. அப்படியே கையைக் கூப்பி, மூச்சைக் கூட அடக்கி நின்றேன். அருணாசல சிவ. இரண்டு தடவை சொல்லியிருப்பேன், "நகருங்க நகருங்க" என்று தோளில் கை விழுந்துவிட்டது. அம்மாவுக்காக ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. உண்ணாமுலை அம்மன் சந்நிதிக்கு எப்படிப் போனேன் என்று கூட எனக்குச் சரியாக ஞாபகமில்லை. அண்ணாமலையானே, என்னைப் போன்றவனுக்கும் நீ கண்ணைக் கொடுத்தாய், அந்தக் கண்ணில் நின்றாய், வேறென்ன வேண்டும் அப்பா எனக்கு.

வீட்டுக்கு வந்து மறுநாள் சாயங்காலம் லேப்டாப்பை டிவியில் இணைத்தேன். எட்டு லிங்கத்தின் படங்களும் சேர்த்து மொத்தம் 41 படம், நடந்த வரிசையிலேயே. அம்மா தலைக்குக் குளித்து விபூதி பூசி, நாற்காலியில் காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னாள், நானும் போய் விட்டுவிட்டு வந்தேன். ஒவ்வொரு லிங்கத்துக்கும் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த எட்டு நொடிப் படத்தில் வெகுநேரம் எதுவும் பேசவில்லை, அப்புறம் அந்த மனுஷரைக் காட்டி, "இவரு நடந்துட்டாரு, இனிமே நடக்க வேண்டாம்" என்றாள்.

வாயு லிங்கம் வந்ததும் நான் முந்திக்கொண்டு, இது கலங்கிப்போச்சும்மா, அழிக்கலாம்னு இருந்தேன் என்றேன். "எதுக்குடா அழிக்கிற? காத்து எங்கயாவது ஒரே இடத்துல நிக்குமா? அங்க அப்படித்தான் தெரியும்."

இரண்டு படம் தள்ளிப் போன பிறகு, நிருதி லிங்கத்துப் படத்தை மறுபடி ஒருதரம் காட்டலாம் என்று பின்னால் போகிற பட்டனில் விரலை வைத்தேன். அம்மா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பி நடக்கக் கூடாதுடா. பாக்கணும்னா முழுசா சுத்தி வா."

ஈசான்யம் வரைக்கும் போனோம். ராஜகோபுரம் வந்தது. கலசம் வெட்டுப்பட்ட அந்தப் படத்துக்கும் விழுந்து கும்பிட முடியாததால் உட்கார்ந்தபடியே தலை குனிந்தாள். அப்புறம் முன்னால் போகிற பட்டனையே அழுத்தி மறுபடியும் இந்திர லிங்கத்திலிருந்து ஆரம்பித்தேன். முடிந்ததும் பூஜை அலமாரியிலிருந்து காலண்டர் அட்டையை எடுத்து வரச் சொல்லி, 98ஆவது கோட்டை என்னையே போடச் சொன்னாள். பங்குனி பௌர்ணமிக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது, டிரைபாடின் பூட்டைச் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன்.