சாவியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்த நாள்

மெம்ஃபிஸ் நகரில் ஒலிப்பதிவுப் பொறியாளராகச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒலித்தடுப்புச் சுவர்கள் இல்லாத இடத்தில் நல்ல பதிவு அமையாது என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கலைத்தவர் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசையை வாசிக்கும், எழுபது வயதைக் கடந்த ஒரு கலைஞர். ஒலிப்பதிவு நிலையத்தின் கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து பாட மனம் ஒப்பாத அவர், தம் மரவீட்டின் முன்னறையில்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டதால், கருவிகளை ஏற்றிக்கொண்டு நான் அங்கே போக வேண்டியதாயிற்று.

முதல் நாள் பதிவு முற்றிலும் வீண். கிட்டாரின் ஒலித்துளைக்கு நேராக ஒரு மைக்கையும் அவர் வாய்க்கு அருகே மற்றொன்றையும் வைத்திருந்தேன். கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த ஒலிகளில் வலுவாக அதிரும் என்பதால், கட்டைவிரலால் அவர் விடாமல் மீட்டிய தடித்த தந்திகளின் நாதம் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வீங்கிக் கேட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் குரலில் இருந்தது. ஒலி ஒரு மில்லிவிநாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்லும்; ஒரே குரல் இரண்டு மைக்குகளையும் அவ்வளவு சிறிய கால இடைவெளியில் அடைந்து, கலக்கும்போது சில அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, அவர் தலையசைத்த ஒவ்வொரு முறையும் குரலின் நிறமே மாறியது.

குரலையும் கிட்டாரையும் பிரித்துப் பிடிக்க நினைத்ததே என் பிழை என்று அன்றிரவு கேட்டுப் பார்த்தபோது புரிந்தது. பன்னிரண்டு தாளக்கட்டுகள் கொண்ட ப்ளூஸில், பாடகர் ஓர் அடியைப் பாடி நிறுத்தியதும் மீதியிடத்தில் கிட்டார் பதில் சொல்லும். கேள்வியும் பதிலும் ஒரே காற்றில் நிகழ வேண்டியவை.

மறுநாள் நுண்ணிய ஒலிகளையும் பிடிக்கும் கன்டென்சர் வகை மைக் ஒன்றை மட்டும், அவரிடமிருந்து ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தொலைவில், மார்பின் உயரத்தில் நிறுத்தினேன். குரல் ஓங்கினால் மைக்கைச் சற்றுத் தாழ்த்துவது, கிட்டார் ஓங்கினால் உயர்த்துவது. சமநிலைக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. புகழ்பெற்ற ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் தம் பாட்டுகளைப் பதிவு செய்தபோது, டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரிலுள்ள கன்டர் ஓட்டலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடினாராம். அது கூச்சத்தாலா, ஒலிக்காகவா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆசை விடாமல் நானும் பெரியவரை மூலைப் பக்கம் திருப்பி உட்காரவைத்துப் பார்த்தேன். அந்த அறையில் தாழ்ந்த ஒலிகள் மட்டுமே பெருகின; ஓட்டலறைச் சுவர் வேறாக இருந்திருக்கும்.

கைதட்டிப் பார்த்தபோது எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சடசடவென்று எதிரொலி ஓடியது. மைக் தன் முன்புறத்தையே அதிகம் கேட்கும் என்பதால், கனத்த போர்வையை மைக்கின் பின்னால் அல்ல, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். தரையைத் தட்டும் அவருடைய காலணியின் ஓசை பாட்டுக்கு வேண்டியது; ஆனால் அந்த அதிர்வு மைக் தாங்கியின் வழியே ஏறக்கூடாது. ஆகவே மடித்த கம்பளம் தாங்கிக்கு அடியில் போனது. 24 பிட் டிஜிட்டல் பதிவில் உச்ச அளவை, ஒலி சிதையத் தொடங்கும் சுழிய எல்லைக்குக் கீழே, மைனஸ் 12 டெசிபலை ஒட்டி வைத்துக்கொண்டேன்; அமைதியான இடங்களில் இரைச்சல் எழவில்லை, உரக்கப் பாடியபோதும் உடையவில்லை. புதுத் தந்திகள் பூட்டலாமா என்று கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. நல்லதாயிற்று, புதுத் தந்திகளில் விரல் சறுக்கும் கீச்சொலி அந்தத் தொலைவிலும் காதைக் குத்தியிருக்கும்.

சமையலறைக் குளிர்பதனப் பெட்டியை நிறுத்திவிட்டு என் கார்ச் சாவியை அதற்குள் வைத்தேன். வீடுகளில் பதிவு செய்பவர்களிடையே இது பழைய வழக்கம். அதை மீண்டும் இயக்காமல் யாரும் வீடு திரும்ப முடியாது. வெளியோசைகளை அவ்வாறு நிறுத்த வழியில்லை. 1941இல் மிசிசிப்பியின் லேக் கார்மரண்ட் கடையொன்றில் நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸைப் பதிவு செய்தபோது கடந்துபோன ரயிலின் ஓசை இன்றும் அந்த இசைத்தட்டில் இருக்கிறது.

எங்கள் பதிவில் ரயில் இல்லை. நாற்காலியின் முனகல் இருந்தது. நிலையத்துக்குத் திரும்பி, மென்பொருளால் அதை நீக்கிப் பார்த்தேன். முனகலோடு சேர்ந்து கால்தட்டின் கூர்மையும் போய்விடவே, நீக்கியதைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். இரண்டாவது பாட்டின் மூன்றாம் சரணத்தில், அவர் கிட்டாரை நோக்கிக் குனியுமிடத்தில், அது இன்னும் கேட்கிறது.