ட்ரெய்லர் விளக்கு, மல்டிமீட்டர், எர்த்: நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

பிரேக்கை மிதித்தால் ட்ரெய்லரின் பின்விளக்குகள் எரிகின்றன, ஆனால் மங்கல். கூடவே இண்டிகேட்டரைப் போட்டால் பார்க் விளக்கும் சேர்ந்து துடிக்கிறது. ஒன்றைப் போட்டு இன்னொன்று ஆடினால் எனக்கு முதல் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி மேல்.

வண்டியின் 7 பின் சாக்கெட்டில் மீட்டரை வைத்தேன். 3-வது பின் எர்த், 6-வது பிரேக். 12.4 வோல்ட். வண்டிப் பக்கம் குறையில்லை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் 12.3. பல்பை மாட்டியதும் அதே இடத்தில் 7.1.

மீட்டருக்குள் 10 மெகா ஓம் தடை. அது இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஆம்பியர். எவ்வளவு துருப்பிடித்த இணைப்பும் அதைத் தாராளமாக விட்டுவிடும். 21 வாட் பல்பு ஒன்றேமுக்கால் ஆம்பியர் கேட்கும்போதுதான் சாயம் வெளுக்கிறது. இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கன்டினியூட்டி பீப்பும் இந்த ரகம்தான். ஓரிரு ஓம் தடை இருந்தாலும் கூவும்.

ஆகவே விளக்கை எரியவிட்டே அளந்தேன். பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தேன். மீட்டரின் கறுப்பு முனையை நீள ஒயரில் பேட்டரி நெகட்டிவுக்கு இழுத்தாயிற்று. சிவப்பு முனை ஹோல்டரின் நடுப்புள்ளியில்: 12.2. ஹோல்டரின் உடம்பில்: 5.1! அங்கே பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும், 0.2 தாண்டினாலே எனக்கு உறுத்தும். போகிற வழி சுத்தம், திரும்புகிற வழியில்தான் 5 வோல்ட் தொலைகிறது.

சிவப்பு முனையை வண்டியை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தேன். ட்ரெய்லரின் அடிச்சட்டமான சேஸிஸ் இரும்பில் 5.0. எர்த் ஒயரின் ரிங் டெர்மினலில் 0.8. இடையில் இருப்பது ஒரே ஒரு போல்ட்.

ஜூன் 14, சனி

போல்டைக் கழற்றினால் டெர்மினலுக்கு அடியில் பெயின்ட், அதற்கடியில் செதில் செதிலாகத் துரு. வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது டெர்மினல் அடித்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். விளக்கு பளிச். பலர் இந்த இடத்தில் கடையைக் கட்டிவிடுவார்கள். ஆனால் ஹோல்டர் உடம்பில் இன்னும் 1.1 வோல்ட் நிற்கிறது. முந்தைய 0.8 தான் இது; கரண்ட் கூடியதால் இழப்பும் கூடிவிட்டது.

ட்ரெய்லரின் ப்ளக்கைப் பிரித்தேன். 3-வது பின்னில் வெள்ளை ஒயர் பச்சை பூத்துக் கிடக்கிறது. உறையைச் சீவினால் உள்ளே செம்பு கரிக்கட்டை போலக் கறுத்திருக்கிறது. எல்லா விளக்கின் கரண்ட்டும் திரும்புவது இந்த ஒற்றைப் பின் வழியாக. பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டி மறுபடி முடுக்கினேன். ஹோல்டர் உடம்பில் இப்போது 0.15.

ஜூன் 15, ஞாயிறு

எஞ்சினை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு அளந்தேன். பேட்டரியில் 14.1, பல்பில் 13.6. இண்டிகேட்டர் தனியாகத் துடிக்கிறது, பார்க் விளக்கு அசையவில்லை. சாக்கெட் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து தண்ணீர் இறங்க வழி இருக்கிறது. மூடியை மாற்ற வேண்டும்.