வைசியாள் வீதியில் ஓட்டுப்பெட்டி

அக்டோபர் 16, 2022, ஞாயிறு

நாளைக்குக் காங்கிரஸ் கட்சியின் அகில இந்தியத் தலைவர் தேர்தல். 2000-க்குப் பிறகு இப்போதுதான் பெட்டி வைக்கிறார்கள். அன்றைக்கு சோனியாவுக்கு 7,448 ஓட்டு, எதிர்த்து நின்ற ஜிதேந்திர பிரசாதாவுக்கு 94. 2019 தோல்விக்குப் பொறுப்பேற்று ராகுல் விலகி மூன்று வருஷம் ஓடிவிட்டது. தோற்ற கட்சி இத்தனை நாள் நிரந்தரத் தலைவர் இல்லாமல் இருந்தால், வார்டில் கொடி பிடிக்கிறவன் வீட்டு வாசலில் நின்று என்னத்தைப் பேசுவான்?

ஓட்டுப்போடும் முறையைக் கடைசி நேரத்தில் மாற்றியிருக்கிறார்கள். வேண்டியவர் பெயருக்கு நேரே '1' எழுத வேண்டும் என்று முதலில் இருந்தது. போட்டியிடுவது மல்லிகார்ஜுன கார்கேயும் சசி தரூரும். சீட்டில் கார்கே வரிசை எண் 1, தரூர் 2. குழப்பம் வரும் என்று தரூர் தரப்பு சொன்னது. டிக் அடித்தால் போதும் என்று தேர்தலை நடத்தும் மதுசூதன் மிஸ்திரி மாற்றிவிட்டார். ஜெயிக்க வாய்ப்பு குறைந்தவர் சொன்னதும் காதில் விழுந்திருக்கிறதே, அது எனக்குப் பெரிய விஷயம்.

அக்டோபர் 17, திங்கள்

காலை பத்து மணிக்குப் புதுச்சேரி வைசியாள் வீதி கட்சி அலுவலகத்தில் ஓட்டுப்பதிவு. மாநிலக் கமிட்டி பிரதிநிதிகளுக்கு மட்டும்தான் ஓட்டு. நாடு முழுக்கச் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர். வார்டு ஆட்கள் நாங்கள் வெளியே நின்றோம். எங்கள் பகுதி அண்ணன் ஒருவர் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தார். அடையாள அட்டையை மேல்பாக்கெட்டிலிருந்து எடுப்பதும், சரிபார்ப்பதும், திரும்ப வைப்பதுமாக இருந்தார். உள்ளே போய் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷம் கட்சியில இருக்கேன் தம்பி, தலைவருக்குன்னு இன்னிக்குத்தான் ஓட்டுப் போட்டேன்." யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பூத்தைப் பார்த்துக்கொள்கிற தையல்கடை அக்கா சும்மா இருக்கவில்லை. "வீடு வீடா சிலிப் குடுக்கறது நாங்க. எங்களுக்கு ஏம்பா ஓட்டு இல்ல?" அண்ணனுக்குப் பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அக்டோபர் 18, செவ்வாய்

அக்கா கேட்டது ராத்திரி முழுக்க மண்டையைக் குடைந்தது. புதுச்சேரியில் நாம் ஏன் இப்படி ஆனோம்? 2008-ல் ரங்கசாமியை முதல்வர் பதவியிலிருந்து இறக்கினார்கள். 2011-ல் அவர் தனிக்கட்சி தொடங்கி, அதே வருஷம் ஆட்சியையும் பிடித்தார். 2016-ல் நமச்சிவாயம் மாநிலத் தலைவராக இருந்து 15 இடம் ஜெயித்தோம், முதல்வரானவர் நாராயணசாமி. 2021 ஜனவரியில் நமச்சிவாயம் பாஜகவுக்குப் போனார், பிப்ரவரி 22-ல் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த தேர்தலில் 14 இடத்தில் நின்று லாஸ்பேட்டை, மாஹே என்று இரண்டே இரண்டு. எதிர்க்கட்சித் தலைவர் பதவிகூட திமுகவுக்குப் போய்விட்டது.

விலகிப் போனவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பதவிக்காகப் போனவர்கள் போனவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் முடிவு டெல்லியில் எடுத்ததுதானே. தொண்டன் கையால் ஓட்டு வாங்கித் தலைவரானவரை அவ்வளவு சுலபமாக ஓரங்கட்ட முடியாது. அப்படி ஓரங்கட்டாமல் இருந்திருந்தால் அவரோடு போகவும் இத்தனை பேர் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

காமராஜர் 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானது ஓட்டெடுப்பில்தான். 103-க்கு 100. மூன்றே ஓட்டு வித்தியாசம். அவருடைய குரு சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளராக இருந்தார். இதை மேடைக்கு மேடை பேசுகிறோம், அப்படி ஒரு தேர்தலை மட்டும் நடத்துவதில்லை. மாநிலத் தலைவரை நியமிக்கும் அதிகாரத்தை அகில இந்தியத் தலைவருக்கே கொடுத்து ஒரு வரித் தீர்மானம் போடுவதே பல மாநிலங்களில் வழக்கமாகிவிட்டது.

அக்டோபர் 19, புதன்

கார்கே 7,897. தரூர் 1,072. செல்லாதவை 416.

24 வருஷத்துக்குப் பிறகு காந்தி குடும்பத்தில் இல்லாத ஒரு தலைவர். 2019-ல் குல்பர்காவில் அவரும் தோற்றவர், தோல்வியின் வலி தெரியும். டீக்கடையில் எல்லோரும் கார்கேயைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த 1,072-தான் மனசில் நின்றது. மேலிடம் யார் பக்கம் என்று ஊருக்கே தெரிந்தும் மாற்றிப் போட்டவர்கள் அவர்கள். அவர்களைத் துரோகி என்று யாரும் சொல்லக் கூடாது. நம் கட்சிக்கு வேண்டியதே அந்தத் தைரியம்தான்.

அக்டோபர் 20, வியாழன்

வேலை அதிகம். கட்சி விஷயம் பேச ஆள் கிடைக்கவில்லை.

அக்டோபர் 26, புதன்

கார்கே பொறுப்பேற்றார். கட்சிப் பதவிகளில் பாதியை 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுப்பது என்று மே மாதம் உதய்ப்பூரில் முடிவு செய்ததை நடைமுறைப்படுத்துவேன் என்கிறார். செய்யட்டும். கட்சியின் உச்சக் குழுவான காரியக் கமிட்டிக்குப் பதிலாக 47 பேர் கொண்ட வழிகாட்டும் குழுவும் அறிவித்தாகிவிட்டது. அதுவும் நியமனம்தான்.

சாயங்காலம் தீபாவளி முறுக்கு மிச்சத்தை எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போனேன். அக்காவும் இன்னும் நாலு பேரும் இருந்தார்கள். புதுச்சேரி மாநிலத் தலைவரை உறுப்பினர் அட்டை வைத்திருக்கிற எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கார்கேக்கு ஒரு மனு எழுதினோம். 'பணிவுடன் வேண்டுகிறோம்' என்று நான் எழுதியதை அக்கா அடித்துவிட்டு 'கேட்டுக்கொள்கிறோம்' என்று மாற்றினார். முதல் கையெழுத்தும் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டையில் ஆரம்பித்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போகிறோம்.